கண்டியில் நாம் காணாத கண்டி

ஓர் ஊருக்கு விருந்தினராய் வருவோர் அதனை மூன்று நாளிலே பார்த்து முடித்துவிடுகின்றனர். அவ்வூரிலே குடியிருப்போர் முப்பது ஆண்டிலும் பார்ப்பதில்லை. இது கண்டி நகருக்கு மட்டும் உரிய குறையன்று. மதுரையிலே பிறந்து வளர்ந்தும் திருமலை நாயக்கர் மகாலுக்குள் ஒருமுறையேனும் நுழையாத அன்பர் ஒருவரை நாம் அறிவோம். எனினும், கண்டியிலே ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டு பதினொரு ஆண்டுகள் குடியிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வரும் உறவினரைத் தலதா மாளிகையின் வாயில்வரை அழைத்துச் சென்று, அவர்கள் உள்ளே சென்று மீளும்வரை செருப்புகளுக்குக் காவல் நிற்பதே எமது சுற்றுலாவாக இருந்து வந்தது.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் விடுமுறையில் எம் மகள் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் செல்ல இருந்தாள். “போவதற்கு முன் இந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் அப்பா” என்று கூறி, பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, முதற் பக்கத்தில் ‘இதுவரை செய்யாதவை’ என்று தலைப்பிட்டாள். வீட்டிலே ஐவர்: எம் அன்னையார், துணைவியார், மகள், மகன், நாம். ஆளுக்கு இரண்டாகப் பத்துச் செயல்கள். அவற்றை வீட்டில் எவரும் முன்னர் செய்திருத்தல் கூடாது. பஸ் வண்டி, புகையிரதம், கால்நடை ஆகிய மூன்றைத் தவிர வேறு வாகனம் ஆகாது. கால் வலிக்கின்றது என்று யாரும் முறையிடல் ஆகாது. இம்மூன்று விதிகளுள் கடைசி விதியே மிகுதியும் மீறப்பட்டது. மீறியவர் யாரென்று இங்கே எழுதினால் இல்லத்தில் அமைதி நிலவாது.

பத்தையும் வரிசையாக எடுத்துரைத்து வாசகர்களைச் சோர்வடையச் செய்ய விரும்பவில்லை. உடவத்தகலைக் காட்டிலே விடியற்காலை நடந்தோம். அட்டைகள் எம்மை அன்போடு வரவேற்றன. பேராதனைப் பூந்தோட்டத்திலே பழந்தின்னி வௌவால்களை எண்ணுவதென்று மகன் முன்மொழிந்தான். நானூறு வரை எண்ணியபின் அவை இடம் மாறி அமர்ந்து எம் கணக்கைக் குலைத்தன. அத்தோட்டத்திலே 1901ஆம் ஆண்டு பிரித்தானிய இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், நட்ட மரத்தைக் காட்டினோம். அதன் வரலாற்றைக் கேட்காமலே அன்னையார் கீழே கிடந்த மலரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எமக்கு அது நாகலிங்க மரம் அன்றோ!

எம் பங்குக்கு நாம் எழுதியது வாவியை முழுவதும் சுற்றி நடப்பது. ஏறக்குறைய இரண்டு மைல் வழி. அதன் ஒரு கரையிலேயே நாள்தோறும் பஸ் வண்டிக்குக் காத்து நின்றோமேயன்றி மறுகரை எமக்கு அயல்நாடாகவே இருந்தது. சிங்களத்திலே இதற்குக் கிரி முகுத, அதாவது பாற்கடல் என்று பெயர். வயலாய்க் கிடந்த நிலத்திலே 1807ஆம் ஆண்டளவில் அணை கட்டி இதனை ஆக்கத் தொடங்கியவன் கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். கண்ணுசாமி என்பது அவனது இளமைப் பெயர். மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர் 1739இல் கண்டி அரியணை ஏறினர். அவ்வழியின் கடைசி அரசன் இவன். நீர்க்கரையிலே முகில்போல் வளைந்து வளைந்து செல்லும் சுவர், அவன் காலத்திலே முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. 1815 பெப்ரவரி 18இல் அவன் சிறைப்பட்டான். மார்ச் 2இல் மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்திலே கண்டி உடன்படிக்கை நிறைவேறியது. அதிலே ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்திலேயே ஒப்பமிட்டனர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்பொழுதெல்லாம் வகுப்பிலே ஒரு சலசலப்பு எழும்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மகன் நனைய விரும்பினான்; துணைவியார் குடையை விரித்தார். “இந்தக் குளத்தைக் கட்டியவர் எங்கே இறந்தார்?” என்று அவன் வினவினான். வேலூர்க் கோட்டையிலே, 1832 ஜனவரி 30ஆம் நாள் என்றோம். பாலாற்றங்கரையிலே முத்து மண்டபம் என்னும் நினைவிடம் இருக்கின்றது. “அங்கே அவருக்கு ஒரு குளமாவது இருந்ததா?” என்றான். அகழி இருந்தது என்று விடையிறுத்தோம்.

மகளின் பட்டியலில் முதன்மை பெற்றது எம்பெக்கை, லங்காதிலகம், கடலாதெனிய என்னும் மூன்று கோயில்களையும் ஒரே நாளில் நடந்து காண்பது. வெளிநாட்டார் பலர் விரும்பிச் செல்லும் வழி அது. வயல்களும் தென்னந்தோப்புகளும் பித்தளை வேலை செய்வோர் வீடுகளும் கொண்ட நாட்டுப்புறம். பங்குனி மாத ஞாயிறொன்றிலே பொதிசோற்றுடன் புறப்பட்டோம்.

எம்பெக்கையிலே கோயில் கொண்டிருப்பவர் கதிர்காமக் கடவுள், எமது முருகப்பெருமான். முன்மண்டபத்து மரத்தூண்களிலே மல்லர் இருவர் பொருதுகின்றனர். தாய் மகவுக்குப் பாலூட்டுகின்றாள். அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொள்கின்றன. இருதலைப் புள் ஒன்று சிறகு விரிக்கின்றது. ஆயினும் எமது கண் கூரையிலேயே நிலைத்தது. இருபத்தாறு மரச் சட்டங்கள் ஒரு முனையிலே வந்து கூடுகின்றன. அவையனைத்தையும் ஒற்றை மர ஆப்பு ஒன்று பிணைத்து நிற்கின்றது. தச்சுத் தொழில் அறிந்த எம் மைத்துனர் ஒருவர் இதனைக் கேள்வியுற்று, “கதை” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். அவரை அழைத்துச் சென்று காட்டுவது அடுத்த பட்டியலுக்குரிய காரியம்.

லங்காதிலகம் ஒரு பாறையின்மேல் இருக்கின்றது. பாறையிலே வெட்டிய படிகளில் அன்னையாரை மகனும் மகளும் இருபுறமும் தாங்கி ஏற்றினர். நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்திலே, 1344இல், சேனாதிலங்காரன் என்னும் அமைச்சன் எழுப்பிய கோயில் இது. கட்டியவர் ஸ்தபதி இராயர். அதே காலத்திலே கடலாதெனியவைக் கருங்கல்லால் அமைத்தவர் கணேஸ்வராச்சாரியார் என்னும் தென்னகச் சிற்பி. புத்தர் வீற்றிருக்கும் மனையைச் சுற்றி, விட்டுணு, சமன், விபீடணன், கணபதி, கந்தகுமாரர் ஆகியோருக்கும் இடம் வகுத்திருக்கின்றார்கள். இராமாயணத்திலே படித்த விபீடணனை இங்கே தெய்வமாகக் கண்டபோது மகன் வியப்பு மேலிட, “இவர் கட்சி மாறியவரல்லவா?” என்றான். “இலங்கைக்கு அரசரானவர்” என்று அவன் தமக்கை திருத்தினாள்.

அவள் தேடி வந்தது வேறு. அப்பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனம் ஒன்றும் வெட்டப்பட்டிருக்கின்றது. கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களும் தானங்களும் பற்றியது அது. அறுநூற்றெண்பது ஆண்டு வெயிலும் மழையும் தின்ற எழுத்துகள். பள்ளிப் பாடநூலிலே பார்த்த எழுத்துகளல்ல. மண்டியிட்டுக் குனிந்து, விரலால் தடவித் தடவி, ‘க’ ஒன்று, ‘ட’ ஒன்று, ‘ம’ போல் ஒன்று என்று அவள் கூட்டிப் படித்தாள். முழுச் சொல் ஒன்றுகூட அகப்படவில்லை. எனினும் அரைமணி நேரம் அவள் எழவில்லை. காவலுக்கு நின்ற முதிய சிங்களவர் ஒருவர் கோயிற் கிணற்றிலிருந்து தண்ணீர் கொணர்ந்து அவளருகே வைத்துவிட்டு, தமக்கும் அந்த எழுத்துத் தெரியாது என்று சிரித்தார். அந்தச் செம்பைக் கண்டபின்தான் எமக்கும் தாகம் தெரிந்தது.

இனி அன்னையாரின் பகுதிக்கு வருவோம். பொங்கலன்று கொப்பியை நீட்டியபோது அவர், “எனக்கென்ன ராசா புதுசு? காலு ரெண்டும் ஒத்துழைச்சாப் போதாதா?” என்று விலகிக்கொண்டார். மூன்றாம் நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: “முப்பத்திரண்டு வருசம் கொழுந்து எடுத்தேன். தராசுல நிறுத்துக் கொட்டுவாங்க, லொறி ஏத்திக்கிட்டுப் போயிரும். ஸ்டோருக்குள்ள ஒருநாளும் போனதில்ல. அது என்ன ஆவுதுன்னு பாக்கணும்.”

எம் அன்னையார் ஹந்தானை மலைக்கு அப்பால், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலே லயத்தில் பிறந்து, அங்கேயே பெயர் பதிந்து கொழுந்தெடுத்தவர். அந்தக் கூலியிலேதான் நாம் பட்டதாரியானோம். இதனை மறைத்தவரல்லோம், ஆனால் எம் மகன் மறைத்தான். நகரப் பள்ளியிலே நண்பர்கள் கேட்டால், “அப்பாயி கிராமத்திலிருந்து வந்தவர்” என்பானேயன்றித் தோட்டம் என்ற சொல் அவன் வாயில் வராது. பதினான்கு வயது. அதட்டித் திருத்தக்கூடிய காரியமன்று இது என்று நாமும் துணைவியாரும் பேசி வைத்திருந்தோம்.

ஹந்தானையிலே, 1925இல் கட்டப்பெற்ற பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று, இலங்கைத் தேயிலை நூதனசாலையாக 2001ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. நகரிலிருந்து ஏறக்குறைய மூன்று மைல். வைகாசி மாதத்திலே ஒரு காலை புறப்பட்டோம். பச்சைக்கரைச் சேலை உடுத்தி, பஸ் வண்டியின் சாளர ஓரத்திலே அமர்ந்த அன்னையார் வழிநெடுக மலைச்சரிவுகளுக்குத் தீர்ப்பு வழங்கிக்கொண்டே வந்தார்: “இது கவ்வாத்து வெட்டி ரெண்டு வருசம் இருக்கும். இந்த மலைக்கு மட்டக்கம்பே வைக்கிறதில்ல போல, மட்டம் போச்சு. இங்க வேல செஞ்சா கங்காணி சத்தம் போடுவாரு.” மகன் அடுத்த இருக்கையிலிருந்து சுற்றுமுற்றும் பார்த்தான்.

உள்ளே, வழிகாட்டும் உத்தியோகத்தர் விளக்கியதை நாம் தமிழிலே சொல்லி வந்தோம். பறித்த கொழுந்தை மேல்மாடியிலே பரப்பி வாட்டுகின்றனர். ஈரத்திலே பெரும்பகுதி வற்றி இலை துவண்டுவிடும். பின்னர் உருளை இயந்திரத்திலே இட்டு முறுக்குவர். சாறு வெளிப்பட்டுக் காற்றோடு கலக்கும்போது பச்சை மாறிச் செம்பு நிறமாகும்; தேநீரின் நிறமும் மணமும் அந்த இடத்திலேதான் பிறக்கின்றன. உரிய வேளையிலே வெப்பக் காற்றிலே உலர்த்தி அம்மாற்றத்தை நிறுத்திவிட வேண்டும். பிந்தினால் சுவை கெடும். அதன்பின் சலித்துத் தரம் பிரிப்பர். அன்னையார் ஒவ்வோர் இயந்திரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தார். “ராத்திரியெல்லாம் ஸ்டோரு சத்தம் லயத்துக்குக் கேக்கும். இதுதானா அது!” என்றார்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று கேட்டதும் அவர் நின்றுவிட்டார். “அப்ப பதினெட்டுக் கிலோ எடுத்தா நாலு கிலோதானா? விடிஞ்சதுலேருந்து எடுத்ததுக்கு நாலே கிலோவா?” அவர் முகம் வாடியதை நாம் கண்டோம், என்ன சொல்வதென்று தோன்றவில்லை. மகன் மெல்லக் கணக்கிட்டான். “ஒரு கோப்பைக்கு 2 கிராம் தூள் போதும் அப்பாயி. நாலு கிலோ என்றால் இரண்டாயிரம் கோப்பை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேருக்குத் தேநீர் கொடுத்திருக்கிறீர்கள்.” அவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, “நெசமாவா?” என்றார்.

மேலே ஜேம்ஸ் டெய்லரின் வரலாறு இருந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இந்நாட்டிலே அதனை ஒரு தொழிலாகத் தொடங்கிவைத்த ஸ்கொத்லாந்துக்காரர். 1869 முதல் பரவிய நோய் கோப்பிப் பயிரை அழித்தபோது நாட்டைக் காத்தது அந்த 19 ஏக்கர்ப் பாடமே. 1892இல் அவர் மறைந்தபோது, தோட்டத் தொழிலாளர் இருபத்துநால்வர் பன்னிருவர் பன்னிருவராக முறைவைத்து அவருடலைத் தோளிலே சுமந்து, மலைவழியே கண்டிக்குக் கொணர்ந்தனர். மஹியாவை மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டார். இதனைச் சொன்னபோது அன்னையார், “மலப்பாதையில தோளு மாத்தி மாத்தித்தான் வந்திருப்பானுங்க” என்று கூறி, டெய்லரின் படத்தை விட்டுவிட்டுச் சாளரத்து வழியே தெரிந்த பாதையையே பார்த்து நின்றார்.

வெளியே வந்தபோது சிங்களப் பள்ளி மாணவர் கூட்டமொன்று தேயிலைச் செடிகளிடையே நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. பறித்ததென்ன, முற்றிய இலைகளைப் பிய்த்தெடுத்தனர். அன்னையாருக்குப் பொறுக்கவில்லை. தடியை எம் கையிலே தந்துவிட்டு விடுவிடென்று செடிகளுக்குள் இறங்கினார். இரண்டு இலையும் ஒரு மொட்டும். நகத்தாற் கிள்ளாமல் விரலால் ஒடிக்க வேண்டும். இரு கையும் ஒன்றாக ஓட வேண்டும். சொல்லிக்கொண்டே பறித்துக் காட்டினார். எழுபத்துநான்கு வயது விரல்கள் என்று எவரும் நம்பார். அவருடைய சந்தைச் சிங்களம் அதற்குப் போதவில்லை. “தம்பி, நீ சொல்லு” என்று மகனைப் பார்த்தார்.

அவன் ஒரு கணம் அசையவில்லை. மாணவர் இருபது முப்பது பேரும் அவனையே பார்த்து நின்றனர். பிறகு வேலியைத் தாண்டி அவரருகே சென்று, தெளிந்த சிங்களத்திலே, “இவர் என் அப்பாவின் அம்மா, முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர்” என்று தொடங்கி, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் பெயர்த்துச் சொன்னான். கடைசியில் இரண்டாயிரம் கோப்பைக் கணக்கையும் சேர்த்துக்கொண்டான். அவர்களுடைய ஆசிரியை அம்மையார் கைகூப்பினார்.

மேல்தளத்திலே தேநீர் அருந்தினோம். பாலின்றி, பொன்னிறத்திலே, பீங்கான் கோப்பையிலே வந்தது. தோட்டத்திலே அவர் அறிந்ததெல்லாம் கழிவுத் தூளின் கறுப்புச் சாயம். ஒரு மிடறு அருந்திக் கண்களை மூடித் திறந்து, “நல்லாத்தான் இருக்கு. சீனி கொஞ்சம் கம்மி” என்றார். அன்றிரவு கொப்பியிலே நிறைவேறிய செயலுக்கு எதிரே எப்பொழுதும் இடும் சரி அடையாளத்துக்குப் பதிலாக, மகன் ‘2000’ என்று எழுதி வைத்திருந்தான்.

ஆகஸ்டு மாதம் துணைவியாரின் முறை. எசல பெரஹராவை ஓர் இரவேனும் தெருவோரத்தில் அமர்ந்து தொடக்கம் முதல் முடிவுவரை காண்பது. நண்பகலிலேயே தலதா வீதியோரம் பாயை விரித்தோம். பக்கத்துப் பாயிலே குருநாகல் பகுதியிலிருந்து வந்த குடும்பம். மாலைக்குள் அவர்களுடைய பலாக்காய்க் கறியும் எமது புளிச்சாதமும் இடம் மாறிவிட்டன. இருட்டியபின் சாட்டையொலி கேட்டது. தீப்பந்தங்கள், கொடிகள், மேளங்கள். பின்னர்ப் பொற்பேழை சுமந்த மாளிகை யானை. அதன்பின்னே நாத, விட்டுணு, கதிர்காம, பத்தினித் தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரிசையாய் வரும். முற்காலத்திலே இது அத்தேவர்களுக்கே உரிய விழா. தந்தப்பேழை முன்செல்லும் முறை கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே வந்தது. அவனும் நாயக்கர் வழியினனே. கதிர்காமத் தேவாலயத்தின் முறை வந்தபோது மயிற்பீலிக் காவடிகள் சுழன்று வந்தன. குருநாகல் அம்மாளும் எம் அன்னையாரும் ஒரே வேளையில் எழுந்து நின்று கும்பிட்டனர். பத்தினித் தேவி கண்ணகி என்று துணைவியார் விளக்க, அவ்வம்மாளுக்கு அது முன்னரே தெரிந்திருந்தது.

ஒன்பது செயல்கள் முடிந்தன. எஞ்சியது அன்னையாரின் இரண்டாம் செயல்; அது கண்டியிலே முடியக்கூடியதன்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டனர். அப்பிரிவிலே அவருடைய தமையனார் இந்தியாவுக்கும் அவர் இலங்கைக்குமாக ஆயினர். எழுபதுகளில் ஓரிரவு கண்டி நிலையத்திலே தமையனாரைப் புகையிரதமேற்றிவிட்டார். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், பின்னர் நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தொடங்கப்பெற்ற அரசாங்கத் தேயிலைத் தோட்டம். கடிதங்கள் வந்தன, பிறகு மரணச் செய்தி வந்தது. அண்ணன் கப்பலேறிய துறையைத் தாம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே அன்னையார் சொன்னது. மகள் அதனை அப்படியே எழுதிக்கொண்டாள்.

கொப்பி இப்பொழுது யாழ்ப்பாணத்திலே அவளிடம் இருக்கின்றது. அடுத்த விடுமுறையில் அவள் பூநகரி வழியாக மன்னாருக்கு வருவாள். நாம் இங்கிருந்து அன்னையாரை அழைத்துச் செல்வோம். மன்னார் பஸ் நிலையத்திலே சந்திப்பதென்று ஏற்பாடு. தமையனார் கடைசியாக எழுதிய கடிதத்தையும் எடுத்துவரும்படி தம்பிக்கு எழுதியிருக்கின்றாள். அவன் அதனை அப்பாயியின் பெட்டியிலிருந்து எடுத்து, மழை நனையாதிருக்கப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, தன் பள்ளிப் பையிலே வைத்திருக்கின்றான்.